ஒரே மரம், எட்டு வாரம்: இலையுதிர் காலத்தில் சின்னக் குழந்தைகளோடு வெளியே போவது பற்றி

இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை இலையுதிர் காலத்தில் எங்கே கூட்டிப்போகலாம், போன இடத்தில் என்ன செய்யலாம், வீடு திரும்பியதும் அதையே கற்றலாக மாற்றுவது எப்படி என்பது கேள்வி. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் காடு, பண்ணை, பழத்தோட்டம், பூங்கா என்று ஒரு பட்டியல். எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்பு ஒன்று செய்யுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இலை உதிர்க்கும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எட்டு வாரத்துக்கு வாரம் ஒருமுறை அதே மரத்தடிக்குப் போய்வாருங்கள்.

காரணம் இதுதான். இந்தப் பருவத்தின் அழகு முழுவதும் மாற்றத்தில் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையை ஒரே ஒரு நாள் வண்ணமயமான காட்டுக்குக் கூட்டிப்போனால் 'நிறைய மஞ்சள்' என்று பார்த்துவிட்டு வரும், அவ்வளவுதான். போன வாரம் அது பச்சையாக இருந்தது என்று தெரிந்த குழந்தைக்குத்தான் மஞ்சள் ஒரு செய்தி. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் அலுத்துவிடுமோ என்ற பயம் பெரியவர்களுக்குத்தான். சொன்ன கதையையே மறுபடி சொல்லச் சொல்லும் வயது இது. தெரிந்த மரத்தடியில் அந்தக் குழந்தைகள் இன்னும் தைரியமாக விளையாடுவார்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த கிளை ஒன்றாவது வேண்டும். மரத்தடி சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். இலை அகலமாக இருக்க வேண்டும். மேப்பிள், ஓக், குதிரைச் செஸ்ட்நட் மூன்றும் அருமையானவை. இலையோடு விளையாடக் காயோ விதையோ கூடவே தரும். ஜின்கோ மரத்தின் மஞ்சள் கண்ணைப் பறிக்கும், ஆனால் கடும்பனிக்குப் பிறகு ஓரிரு நாளிலேயே மொத்த இலையையும் கொட்டிவிடக்கூடியது. வாரம் ஒருமுறை போகிறவர்கள் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

இலை பச்சையாக இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான்: நிறம் மாறிய பிறகுதான் நினைவு வருகிறது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-ஐ ஒட்டியும், தென் அரைக்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21-ஐ ஒட்டியும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அந்த வாரத்தை முதல் வாரமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதியில் குளிர் சீக்கிரம் வருமென்றால் இரண்டு வாரம் முன்னதாகவே போங்கள்.

ஒவ்வொரு வாரமும் மாறாமல் செய்ய வேண்டியவை இரண்டே. ஒன்று, ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அதே கல்லின்மேல் நின்று மரத்தைப் படம் எடுப்பது. இரண்டு, குழந்தையே தேர்ந்தெடுத்த ஒரு இலையை வீட்டுக்குக் கொண்டுவருவது. எட்டுக் கட்டம் போட்ட நீளமான தாளைச் சுவரில் ஒட்டி, வாரம் ஒரு இலையைத் தேதியோடு அதில் ஒட்டுங்கள். பறித்த அன்றே ஒட்டினால் மறுநாள் இலை சுருண்டு பசையைப் பிய்த்துக்கொண்டு விழுந்துவிடும். ஒரு வாரம் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்துவிட்டு ஒட்டுங்கள். இலைக்குக் கீழே குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். 'இதுக்குச் சட்டை கிழிஞ்சிருச்சு' என்று சொன்னால் அதைத்தான் எழுத வேண்டும், திருத்தக் கூடாது. எழுத்து என்பது பேச்சைப் பிடித்துவைக்கும் வேலை என்பது நாலு வயதில் இப்படித்தான் புரியும்.

பேச்சு என்றதும் ஒன்று. தமிழில் இலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப்பெயர் இருக்கிறது: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இந்தப் பருவத்தில் கடைசி மூன்றையும் ஒரே கிளைக்குக் கீழே நின்று காட்டலாம். கையில் கசக்கினால் இலை மடங்கும், பழுப்பு கிழியும், சருகு நொறுங்கும். வார்த்தையையும் கை உணர்வையும் சேர்த்துக் கொடுத்தால் மறக்காது. தமிழ் அதிகம் கேட்காத சூழலில் வளரும் குழந்தைக்கு இது இன்னும் பெரிய கொடை.

கேட்கும் கேள்வியிலும் கவனம் வேண்டும். 'இது என்ன கலர்? இது எத்தனை?' என்று வழியெல்லாம் பரீட்சை வைத்தால் பத்தாவது நிமிடத்தில் குழந்தை பதில் சொல்வதை நிறுத்திவிடும். நீங்கள் கண்டதைச் சும்மா சொல்லுங்கள்: 'இந்த இலையில் ஓரம் மட்டும் சிவந்திருக்கிறது.' சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பெரியவர்களுக்கு மௌனமாகத் தோன்றும் அந்த ஐந்தாறு நொடி, குழந்தை யோசிக்கும் நேரம். ஒரு பயணத்துக்கு உண்மையான கேள்வி ஒன்று போதும். 'இந்த மரத்தில் மேலே இருக்கும் இலை முதலில் மாறுகிறதா, கீழே இருப்பதா?' என்பது நல்ல கேள்வி. வெயில் படும் பக்கமும் நுனியும் பல மரங்களில் முந்திக்கொள்ளும், எல்லா மரத்திலும் அல்ல. உங்கள் மரத்தில் எப்படி என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

'ஏன் மாறுகிறது?' என்று குழந்தை கேட்கும்போது பொய்யில்லாத, சின்ன பதில் ஒன்று தயாராக இருக்கட்டும். இலைக்குள் பச்சை நிறம் தருவது பச்சையம். வெயிலைப் பிடித்து மரத்துக்கு உணவு சமைப்பது அதன் வேலை. பகல் குறுகி, குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தை உடைத்து அதிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்போது ஏற்கெனவே இலைக்குள் ஒளிந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன; இவை கரோட்டினாய்டுகள். சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி பெரும்பாலும் இலையில் தங்கிப்போகும் சர்க்கரையிலிருந்து அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைநிலைக்குப் போகாத குளிர் என்று நாட்கள் அமைந்தால் சிவப்பு கொழிக்கும். மேகமூட்டமான வருடத்தில் மங்கும். எல்லாம் போனபின் மிஞ்சும் பழுப்பு நிறத்துக்குக் காரணம் டானின் என்ற பொருள். மூன்று வயதுக்கு 'மரம் பச்சையை எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது, மஞ்சள் தெரிகிறது' போதும். ஐந்து வயதுக்கு அதைக் கண்ணால் காட்டலாம்.

காட்டும் வழி இது. இன்னும் பச்சையாக இருக்கும் இலை எட்டு பத்தை எடுத்துக் குழந்தையைப் பொடிப்பொடியாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கண்ணாடிப் புட்டியில் போட்டு மரக்கரண்டியால் நசுக்கி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலை (70 சதவீதமோ அதற்கு மேலோ) இலை மூழ்கும் அளவு பெரியவர் ஊற்ற வேண்டும். மூடியைத் தளர்வாக வைத்து, குழாயில் வரும் சூடான நீர் நிரப்பிய கிண்ணத்தில் புட்டியை நிறுத்துங்கள். அரைமணி முதல் ஒரு மணிநேரம்; நீர் ஆறினால் மாற்றி, அவ்வப்போது புட்டியைச் சுழற்றிவிட வேண்டும். அடுப்பில் வைக்கவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வையுங்கள். நீர்மம் கரும்பச்சையானதும், காபி வடிகட்டும் தாளில் இரண்டு சென்டிமீட்டர் அகலத் துண்டு வெட்டி, மேல்முனையைப் பென்சிலில் ஒட்டிப் புட்டியின் வாயில் குறுக்கே வைத்து, கீழ்முனை மட்டும் நீர்மத்தைத் தொடும்படி தொங்கவிடுங்கள். ஒரு மணிநேரத்தில் நிறம் ஏறி, பச்சைப் பட்டையும் அதைத் தாண்டி ஒரு மஞ்சள் பட்டையும் பிரிந்து நிற்கும். பச்சை இலைக்குள் மஞ்சள் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. பட்டை வெளிறி இருந்தால் இலை போதவில்லை அல்லது போதுமான அளவு நசுக்கவில்லை என்று அர்த்தம். தாள் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் நிறம் கலங்கிவிடும். சிவப்பு இலையில் முடிவு இவ்வளவு தெளிவாக வராது. முதல் முறை பச்சையிலேயே செய்யுங்கள்.

உடையைப் பற்றி ஒரு பத்தி. பாதிப் பயணங்கள் கெடுவது இதனால்தான். உள்ளே உடலை ஒட்டிய மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃபிளீஸ் (மென்மையான, கதகதப்பான செயற்கைத் துணி), வெளியே காற்றும் மழையும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்கு. பருத்தி உள்ளாடை ஓடியாடியதும் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். நின்றதும் குளிர் அடிக்கும். குளிர்கிறதா என்று பார்க்க விரலைத் தொடாதீர்கள், குழந்தையின் விரல் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்: கதகதப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். முதல் ஜோடி குட்டையில் நனையும், இரண்டாவதும் நனையும். காரில் போகிறவர்கள் தடித்த ஜாக்கெட்டோடு குழந்தையை இருக்கையில் கட்டக் கூடாது. மோதல் நேர்ந்தால் பஞ்சு நசுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரை இறுக்கிக் கட்டி, அதன் மேல் போர்வை போர்த்துங்கள்.

நேரமும் தூரமும் குறைவாக வையுங்கள். இரண்டு மூன்று வயதுக்கு முக்கால் மணிநேரம் போதும், அதில் அரை கிலோமீட்டர் நடந்தாலே பெரிது. சோர்வு படிப்படியாகத் தெரியாது, திடீரென்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்போது திரும்பும் தூரம் முழுவதும் உங்கள் இடுப்பில்தான். உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போதே திரும்பத் தொடங்குங்கள். தின்பண்டத்தைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது அழுகையைத் தள்ளிப்போடும்.

சருகுக் குவியலில் குதிப்பதுதான் இந்தப் பருவத்தின் முதல் மகிழ்ச்சி, அதைத் தடுக்காதீர்கள். ஆனால் ஏற்கெனவே கிடக்கும் குவியலில் குதிக்கவிடாமல், நீங்களும் குழந்தையும் சேர்ந்து புதிதாக ஒன்றைக் கூட்டுங்கள். கூட்டும்போதே குச்சி, கண்ணாடித்துண்டு, நாய்க்கழிவு, குளவி எல்லாம் கண்ணில் பட்டுவிடும். பழைய குவியலுக்குள் முள்ளெலி போன்ற சிறு பிராணிகள் தங்கியிருக்கலாம். சாலையோரக் குவியலில் ஒருபோதும் வேண்டாம். உள்ளே குழந்தை இருப்பது வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாது. குதிக்க நாலு விரல் உயரக் குவியல் பயனில்லை, குழந்தையின் முழங்காலுக்கு மேல் வர வேண்டும். காய்ந்த இலையாகப் பாருங்கள். ஈர இலை அமுங்கிக்கிடக்கும், வழுக்கும்.

வாயில் வைப்பதில்தான் உண்மையான ஆபத்து. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் ஓக் கொட்டையோ செஸ்ட்நட்டோ தனியாக விடாதீர்கள், தொண்டையில் சிக்கும் அளவு அது. குதிரைச் செஸ்ட்நட் நச்சு. சாப்பிடும் செஸ்ட்நட் வேறு. உறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். உண்ணக்கூடியதன் உறை ஊசி ஊசியாக முள்ளெலி போல அடர்ந்திருக்கும், கொட்டையின் முனையில் சின்னக் குஞ்சம் இருக்கும். குதிரைச் செஸ்ட்நட்டின் உறையில் தடித்த குட்டை முட்கள் தள்ளித்தள்ளி நிற்கும், கொட்டை உருண்டு வழவழப்பாகக் குஞ்சமில்லாமல் இருக்கும். யூ மரத்தின் சிவந்த பழம் குழந்தையை இழுக்கும், அதன் விதை கொடிய நஞ்சு. காளானைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. தெரியாமல் தொட்டுவிட்டால் பதற வேண்டாம், கை கழுவினால் போதும். 'வெளியே கிடைப்பது எதுவும் வாய்க்குப் போகாது' என்று விலக்கே இல்லாத ஒரே விதியாகச் சொல்லுங்கள். இது தின்னலாம், அது தின்னக்கூடாது என்ற பாகுபாடு இந்த வயதுக்கு வேண்டாம்.

உண்ணி உள்ள பகுதியென்றால், வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளெல்லாம் அது நடமாடும். வீடு வந்ததும் காதுக்குப் பின்புறம், முடியோரம், அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது இரண்டும் தவறு. பிறகு வரும் வாரங்களில் அந்த இடம் சிவந்து படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்பவற்றில் முதல் இடம், இலைமேல் தாள் வைத்துத் தேய்த்து நரம்புகளை எடுக்கும் இலைப் பதிவுக்கு. எல்லோரும் சொல்வார்கள், பாதிப் பேருக்குச் சரியாக வராது. பறித்து அதிக நாள் ஆகாத, வளையும் இலையை எடுங்கள். சருகு அழுத்தத்தில் நொறுங்கிவிடும். நரம்பு புடைத்திருப்பது இலையின் அடிப்பக்கம், அது மேலே வர வேண்டும். பலரும் மினுமினுப்பான பக்கத்தை மேலே வைத்துவிட்டு ஏன் நரம்பு வரவில்லை என்று திகைக்கிறார்கள். காம்பை ஒரு துண்டு டேப்பால் மேசையில் ஒட்டுங்கள். மேலே மெல்லிய தாள் வைத்து, அதன் நான்கு மூலையையும் ஒட்டுங்கள், ஏனென்றால் சின்னக் கை இலையையும் தாளையும் ஒரே நேரத்தில் பிடிக்காது. கிரயானின் காகிதத்தை உரித்து, பென்சில் போலப் பிடிக்காமல் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். பலம் வேண்டாம். நடு நரம்பு முதலில் வரும், பிறகு அதிலிருந்து பிரியும் பக்க நரம்புகள், ஓரத்தின் பற்கள். கடைசியில்தான், மிக லேசாகத் தேய்த்தால் மட்டும், பக்க நரம்புகளுக்கு நடுவே வலைபோலப் பின்னிக்கிடக்கும் சின்ன நரம்புகள் எழும். அந்த நொடியில் குழந்தையின் கை தானாகவே மெதுவாகும். தேய்த்து முடித்ததும் இலையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, தாளில் தெரிகிற ஒரு நரம்பை இலையில் விரலால் தேடச் சொல்லுங்கள். எழுத்தின் வளைவுகளைக் கவனிக்கப் போகும் கண்ணுக்கு இது நல்ல பழக்கம்.

இலையை நாள்பட வைத்திருக்க வழி இரண்டு. அழுத்தி உலர்த்துவதானால் ஈரம் துடைத்து, இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தயார். கிளிசரின் இன்னொரு வழி: ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு நீர், தட்டையான தட்டில் ஊற்றி இலையை முழுவதும் மூழ்கவைத்து மேலே இன்னொரு தட்டு. நான்கைந்து நாளில் நீர் போன இடத்தில் கிளிசரின் ஏறி, இலை நொறுங்காமல் துணிபோல வளையும். நிறம் சற்றுக் கருமையாகும். குழந்தைகள் கையாளுவதற்கு இதுதான் தோது.

பைன் கூம்பு கிடைத்தால் ஒரு நாள் முழுவதற்கும் வேலை இருக்கிறது. காய்ந்தால் செதில் விரியும், நனைந்தால் மூடும். ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்கு உண்டு. ஈரம் பட்டதும் வெளி அடுக்கு உள் அடுக்கைவிட அதிகம் நீள்வதால் செதில் உட்புறமாக வளைகிறது. கூம்பு மரத்திலிருந்து விழுந்து வருடமானாலும் இது நடக்கும், உயிர் தேவையில்லை. சிறகுள்ள விதை காய்ந்த நாளில் பறக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. மூன்று கூம்பு எடுத்து ஒன்றைக் குளிர்ந்த நீரில், ஒன்றை வெதுவெதுப்பான நீரில், ஒன்றை வெளியே வையுங்கள். மிதக்கும் என்பதால் மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்க வேண்டும். அரைமணி நேரத்தில் வித்தியாசம் தெரியும், முழுவதும் மூட ஒன்றிரண்டு மணிநேரம் ஆகலாம். குழந்தை பக்கத்திலேயே காத்திருக்காது, எனவே சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டுப் பின் பாருங்கள். மூடியது திரும்ப விரிய ஓரிரண்டு நாள் பிடிக்கும். பிசின் ஒட்டிய கூம்பும் மட்கிய கூம்பும் ஏமாற்றும். கைவேலைக்கு எடுத்துவைப்பதானால் ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம், பக்கத்திலேயே இருந்து காயவைத்தால் உள்ளிருக்கும் பூச்சி சாகும்.

மேப்பிளின் விதை காற்றாடிபோலச் சுழன்று விழும். சுழலும்போது சிறகின் முன்விளிம்பின் மேல் ஒரு சின்னக் காற்றுச்சுழல் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப்பிடிக்கிறது என்பதை 2009-ல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். மெதுவாக விழுந்தால் காற்று தூரமாகக் கொண்டுபோகும், அதுதான் மரத்துக்கு லாபம். விதையை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள், பிறகு சிறகைப் பாதியாகக் கிள்ளிவிட்டு மறுபடி விடுங்கள். காகிதத்திலும் செய்யலாம்: 21 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலத் தாள், மேலிருந்து நடுவே 9 சென்டிமீட்டர் வெட்டினால் இரண்டு சிறகு. ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் மடியுங்கள். கீழ்ப்பகுதியை மூன்றாக மடித்து ஒரு காகிதக் கிளிப். இரண்டு சிறகையும் ஒரே பக்கம் மடித்தால் சுழலாது, கிளிப் இல்லையென்றால் தள்ளாடி விழும். அந்தத் தோல்விகளையும் வேண்டுமென்றே செய்துகாட்டுங்கள்.

ஓக் கொட்டைகளை ஒரு வாளி நீரில் கொட்டினால் நல்லவை மூழ்கும். மிதப்பவை காய்ந்துபோனவை அல்லது உள்ளே புழு தின்றவை. ஓட்டில் குண்டூசித் தலையளவு வட்டத் துளை இருந்தால் கூன்வண்டின் புழு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. இது தெரியாமல் கொட்டைகளை அலமாரியில் வைப்பவர்கள் மறுவாரம் வெள்ளைப் புழுக்களைப் பார்த்து அலறுகிறார்கள். சில நாள் வெளியே அகலத் தட்டில் வைத்துவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். நட வேண்டுமானால் மூழ்கியதில் ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஓக் வகை அந்தப் பருவத்திலேயே வேர்விடும். சிவப்பு ஓக் வகைக்குக் குளிர் வேண்டும். ஈர மணலோடு பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து நடலாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கைவாட்டில் வையுங்கள். தொட்டி ஆழமாக இருக்க வேண்டும், ஆணிவேர் முதலில் நேராகக் கீழே போகும். வெளியே வைத்தால் கம்பிவலை மூடுங்கள், அணில் தோண்டிவிடும்.

வண்ணம், ஓரம், அளவு என்று இலைகளைப் பிரித்து அடுக்குவது கணக்குக்கு அடித்தளம். விதியை நீங்கள் சொல்லாமல், குழந்தை எப்படிப் பிரிக்கிறது என்று பார்த்து அந்த விதியை நீங்கள் கண்டுபிடியுங்கள். 'ஓட்டை இருக்கிறது, ஓட்டை இல்லை' என்று பிரித்தால் அது மிகச் சரியான வகைப்பாடு. பிரித்த இலைகளைத் தரையில் ஒரே கோட்டிலிருந்து வரிசையாக, இடைவெளி ஒரேபோல வைத்தால் எந்த வரிசை நீளம் என்று எண்ணாமலே தெரியும். அதுவே முதல் வரைபடம். பெரிய இலையும் சின்ன இலையும் கலந்தால் நீளம் பொய் சொல்லும் என்பதால் ஒரு கட்டத்துக்கு ஒரு இலை என்று சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் தோட்டம் போனால் பறிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். கீழே இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருக வேண்டும். பழுத்தது தானே கழன்று வரும், வராதது இன்னும் தயாராகவில்லை. இழுத்தால் காம்போடு குட்டைக் கிளையும் ஒடியும், அதில்தான் அடுத்த வருடத்து மொட்டு இருக்கிறது. வீட்டில் குறுக்கே வெட்டினால் ஐந்து அறையுள்ள நட்சத்திரம். நான்கு துண்டில் ஒன்றைச் சும்மாவும், மற்றவற்றைத் தண்ணீர், உப்புநீர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றில் தோய்த்தும் அரைமணி வைத்தால் எது பழுப்பாகிறது என்று பார்க்கலாம். சின்னக் குழந்தைக்கு மெல்லிய சீவலாகவே கொடுங்கள், சமைக்காத கடினமான துண்டு தொண்டையில் அடைக்கும். பூசணிக்காயானால் கத்தி பெரியவர் கையில், உள்ளே அளைந்து விதை எடுப்பது குழந்தை கையில். பத்துப் பத்தாக முட்டைத் தட்டின் குழிகளில் போட்டு எண்ணினால் நூறுவரை சலிக்காமல் போகும்.

சீக்கிரம் இருட்டுவதைக் குறையாகப் பார்க்காதீர்கள். வெயில் காலத்தில் குழந்தை தூங்கும் நேரத்துக்கும் வெளிச்சம் இருந்தது; இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே நட்சத்திரம் காட்டலாம். டார்ச்சுடன் கால்மணி நேர நடை, அவ்வளவே. பகலில், மேகமில்லாத நாளில், வாரம் ஒருமுறை ஒரே கம்பத்தின் நிழல் நுனியை அதே மணிக்குச் சாக்பீஸால் குறியுங்கள். பருவம் போகப்போக நிழல் நீளும். பூமி ஏறக்குறைய 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால் சூரியன் தாழ்ந்து போகிறது என்பதை இப்போது விளக்க வேண்டாம், நீண்ட நிழல் கண்ணில் பட்டால் போதும்.

எட்டாவது வாரம் உங்கள் மரத்தில் சில இலைகள்தான் மிஞ்சியிருக்கும். தாழ்ந்த கிளையில் ஒரு இலையைக் குழந்தை விரலால் தொடட்டும். காம்பின் அடியில் தக்கைபோல ஒரு அடுக்கு உருவாகி முடிந்திருந்தால், இழுக்காமலே கையோடு வந்துவிடும். அது இருந்த இடத்தில் வழுவழுப்பான ஒரு தழும்பு இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீரும் சத்தும் ஓடிய குழாய்கள் அடைபட்ட புள்ளிகள் தெரியும். குதிரைச் செஸ்ட்நட்டில் அந்தத் தழும்பு ஆணி அடித்த லாடம் போலவே இருக்கும். தழும்புக்குச் சற்று மேலே செதில் மூடிய சின்ன மொட்டு ஒன்றைக் காட்டுங்கள். இலை விழுவதற்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது. சுவரிலுள்ள தாளின் ஓரத்தில் ஒன்பதாவதாக ஒரு கட்டம் போட்டு, காலியாக விட்டு, அதன் கீழே 'கொழுந்து' என்று எழுதிவையுங்கள்.